பி.யூ.சி. என்று ஒரு வருடம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன பதிவில் என் கல்லூரி விடுதியைப் பற்றி எழுதியபோது "பி.யூ.சி. படித்த வருடம்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்துத்தான் இந்தப் பதிவு. "டீச்சர், பி.யூ.சி. என்றால் வண்டிக்கு எடுக்கும் புகைச் சான்றிதழ்தானே?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். பத்தாம் வகுப்பிலும் இவன் இப்படித்தான். "பிளஸ் டூதான் அந்தக் காலத்தில் பி.யூ.சி." என்று இன்னொருத்தி பதில் சொல்லியிருக்கிறாள். அதுவும் சரியில்லை. பிளஸ் டூ பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, இரண்டு வருடம், தமிழிலும் எழுதலாம். பி.யூ.சி. கல்லூரியில் இருந்தது, ஒரே வருடம். அந்த ஒரு வருடத்தில் நம் மக்களில் எத்தனை பேருடைய படிப்பு முடிந்துபோனது என்பதை யாராவது எழுதி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இன்டர்மீடியட் என்று ஒன்று இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கல்லூரிக்குப் போனால் இரண்டு வருடம் இன்டர்மீடியட், பிறகு இரண்டு வருடம் பி.ஏ. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு இதை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53ல் இடைநிலைக் கல்விக் குழு ஒன்று உட்கார்ந்தது. (27 வருடம் ஒரே பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக இருந்தவர் அவர். இன்றைக்கு மூன்று வருடம் முடிப்பதற்குள் என்னென்ன நடக்கிறது!) இன்டர்மீடியட்டை எடுத்துவிட்டு, அதில் ஒரு வருடத்தைப் பள்ளிப் படிப்போடும் இன்னொரு வருடத்தைப் பட்டப் படிப்போடும் சேர்க்கலாம் என்பது அந்தக் குழுவின் யோசனை. நம் பக்கம் பள்ளிப்படிப்பு பதினோரு வருடமாகவே நின்றது. பட்டப்படிப்பு மூன்று வருடமாயிற்று. நடுவில் ஒரு வருடம் மிஞ்சியது. அந்த மிச்சத்துக்கு வைத்த பெயர்தான் ப்ரீ யுனிவர்சிட்டி கோர்ஸ். தமிழில் புகுமுக வகுப்பு. 1956ல் இருந்து நடைமுறைக்கு வந்தது.

பெயர் நன்றாகத்தான் இருந்தது. புகுமுகம், அதாவது வாசல். ஆனால் வாசலில் நிற்க வைத்தே பலரைத் திருப்பி அனுப்பிய வாசல் அது.

ஏன் என்று சொல்கிறேன். அந்த வருடங்களில் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். காமராசர் 1954ல் முதலமைச்சரானார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1956ல் மதிய உணவு வந்தது. எங்கள் ஊரில், அருப்புக்கோட்டைப் பக்கம், அப்போது அது இராமநாதபுரம் மாவட்டம், முதல் தலைமுறையாக எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான். தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை, மானாவாரிக் காட்டில் பருத்தி எடுக்கிற வீட்டுப் பிள்ளை, எல்லாரும் பதினோரு வருடம் தமிழிலேயே படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறி 1960களில் கல்லூரி வாசலுக்கு வந்து நின்றார்கள். கல்லூரிகளும் பெருகின. ஆனால் உள்ளே போனால் பாடம் முழுக்க ஆங்கிலம்.

பள்ளியில் பிராணவாயு. கல்லூரியில் ஆக்சிஜன். பிராணவாயுவைக் கரைத்துக் குடித்தவனுக்கு ஆக்சிஜன் யாரென்று தெரியவில்லை. செங்கோண முக்கோணத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்கு 'ரைட் ஆங்கிள்டு ட்ரையாங்கிள்' என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. இன்டர்மீடியட் காலத்தில் இந்தக் குழப்பத்திலிருந்து எழுந்து நிற்க இரண்டு வருடம் இருந்தது. பி.யூ.சி.யில் ஜூன் கடைசியில் சேர்ந்தால் மார்ச்சில் பல்கலைக்கழகத் தேர்வு. காலாண்டு, அரையாண்டு, பொங்கல் விடுமுறை எல்லாம் கழித்தால் கையில் நிற்பது ஆறேழு மாதம். ஆங்கிலம் காதில் விழுந்து புரியத் தொடங்கும்போது 'செலக்ஷன்' தேர்வு வந்துவிடும். டாக்டர் ஆவதும் இன்ஜினீயர் ஆவதும் அந்த ஒரு வருட மதிப்பெண்ணை வைத்துத்தான். நுழைவுத் தேர்வெல்லாம் 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது.

இனி என் அண்ணன் கதை. நம் குடும்பத்தார் பெரியப்பா என்றும் பெரிய மாமா என்றும் கூப்பிட்டவர். வெள்ளை வேட்டியும் கக்கத்தில் கணக்குப் புத்தகமுமாகத்தான் உங்களுக்கு அவரைத் தெரியும். அவர் 1964ல் மதுரையில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. முதல் குரூப்பில் சேர்ந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா ஒரு ஜோடி மாட்டை விற்றுத்தான் சேர்த்தார். டிரங்குப் பெட்டி, கோரைப்பாய், ஒரு லிஃப்கோ அகராதி. பெட்டியின் மேல் வெள்ளை பெயின்டில் பெயரெழுதிக் கொடுத்தவர் எங்கள் பள்ளி டிராயிங் வாத்தியார்.

"மொத ஒரு மாசம் வாத்தியார் வாய் அசையுறது மட்டும்தான் பாப்பா தெரிஞ்சுது. என்ன சொல்றாருன்னு தெரியல" என்று அவர் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பதற்கு அவருக்குப் பல வருடம் பிடித்தது.

அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். விடுதியில் ராத்திரிச் சாப்பாடு பல நாள் கோதுமைதான். கஞ்சி, உப்புமா, காய்ந்த சப்பாத்தி என்று ஏதோ ஒரு வடிவத்தில் வரும். 1965ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடச் சொன்னார், ஓட்டல்களையும் அன்றைக்கு அடைத்தார்கள். மெஸ் பில்லுக்கு 'டிவைடிங் சிஸ்டம்' என்று பெயர். மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்து மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கடிதம் எழுத உட்காருவார்களாம்.

1965 ஜனவரி வந்தது. 26ஆம் தேதியிலிருந்து இந்தி நாட்டின் ஆட்சிமொழி ஆகப்போகிறது. 25ஆம் தேதி மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அண்ணனும் போனார். அங்கே மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நடந்த மோதலில்தான் மதுரையில் கலவரம் பற்றிக்கொண்டது. இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். கல்லூரிகளை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி வழி நடந்தும் பாதி வழி லாரியிலும் ஊர் வந்து சேர்ந்தார். அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்தி என்றால் யாரோ ஒரு பெண் என்று அம்மா நினைத்திருந்தார். "அவ என்னடா பண்ணா ஒன்ன?" என்று கேட்டார்.

சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரியில் சாஸ்திரி வானொலியில் பேசி, மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். அதற்குள் அரசு கணக்கிலேயே எழுபது பேர் வரை இறந்திருந்தார்கள். இரண்டே வருடத்தில் நம் விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் காமராசரை 1285 ஓட்டில் தோற்கடித்தார். இந்த வரலாறெல்லாம் உங்களுக்கு நான் வகுப்பில் நடத்தியதுதான். புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன்.

கல்லூரி திறந்து, விட்ட பாடத்தை அவசர அவசரமாக ஓட்டி, தேர்வு வைத்தார்கள். முடிவு பத்திரிகையில் வரும். பெயர் இருக்காது, வெறும் எண்கள்தான். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக எண்கள். பத்திரிகைக் கட்டு ரயிலில் விருதுநகர் வந்து இறங்கும் என்று அண்ணன் இருட்டோடு சைக்கிள் மிதித்துப் போனார். திரும்பி வரும்போது மத்தியானம். அவருடைய எண்ணுக்கு முந்தின எண் இருந்தது, அடுத்த எண்ணும் இருந்தது. அவருடையது இல்லை.

மதிப்பெண் பட்டியல் பிறகு வந்தது. கணக்கில் 87. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, தமிழ் எல்லாம் தேர்ச்சி. ஆங்கிலத்தில் மட்டும் ஆறு மதிப்பெண் குறைவு. இந்தி வேண்டாம், ஆங்கிலம் இருக்கட்டும் என்று ஊர்வலம் போன பையனை ஆங்கிலம்தான் கவிழ்த்தது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் போராட்டம் நியாயமானது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, அண்ணனுக்கும் கடைசிவரை இருந்ததில்லை. ஆனால் ஆங்கிலம் யாருக்கு இருந்தது, யாருக்கு எட்டவில்லை என்ற கேள்வியை அப்போது மேடையில் யாரும் பேசவில்லை. தமிழ் வாழ்க என்று கத்திவிட்டு வகுப்புக்குள் போனால், தமிழில் ஒரு சந்தேகம் கேட்கக்கூட வழியில்லை.

செப்டம்பரில் மறுபடி எழுதினார். அதிலும் போனது. "டிஸ்கண்டினியூ" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த வருடம்தான் கற்றுக்கொண்டோம். 1966 தையில் விருதுநகரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதப் போனார். மல்லி, மிளகாய் வற்றல், பருப்பு. சிட்டை எழுதி, பேரேட்டில் ஏற்றி, வருடக் கடைசியில் ஐந்தொகை போடுகிற வேலை. கணக்கில் 87 வாங்கியவருக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

1968ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். பெண்பிள்ளை, போதும் என்று அப்பா சொன்னார். பணம் நான் கட்டுகிறேன் என்றார் அண்ணன். வேறொன்றும் விவாதம் நடக்கவில்லை. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்றாம் குரூப். வரலாறு, பொருளாதாரம், லாஜிக். அதற்குள் மதுரைக்கு என்று தனிப் பல்கலைக்கழகம் வந்திருந்தது. 1966ல் தொடங்கியது, முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். அண்ணன் தோற்றது சென்னைப் பல்கலைக்கழகத்தில், நான் எழுதப்போவது மதுரைப் பல்கலைக்கழகத்தில். "அந்த ராசி ஒன்ன ஒட்டாது" என்று அம்மா இதையே ஒரு ஆறுதலாகச் சொன்னார்.

அண்ணனின் லிஃப்கோ அகராதி என் பெட்டிக்குள் வந்தது. விடுதியில் அதைத் திறந்தபோதுதான் கவனித்தேன். சில சொற்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி. ஒரு சொல்லை ஒரு தடவை தேடினால் ஒரு புள்ளி, மறுபடி மறந்து தேடினால் இன்னொரு புள்ளி. 'நெவர்த்தலெஸ்' என்ற சொல்லுக்கு ஏழு புள்ளி இருந்தது. 'ஹென்ஸ்' என்பதற்கு நான்கு. அறிவியல் சொற்களை அவர் சமாளித்துவிட்டார் என்பது புள்ளிகளை எண்ணினால் தெரிந்தது, ஆக்சிஜனுக்கு ஒன்றுதான். இடறியது எல்லாம் இந்த இணைப்புச் சொற்களில். ஒரு வாக்கியத்தையும் அடுத்த வாக்கியத்தையும் கட்டுகிற கயிறு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறார். 36 வருடம் ஆசிரியையாக இருந்த எனக்குப் பாடம் எங்கே புரியாமல் போகிறது என்று காட்டிக்கொடுத்தது அந்தப் புள்ளிகள்தான். உங்களில் பலருக்கு நினைவிருக்கும், வகுப்பில் "ஆகவே", "இருப்பினும்" என்ற சொற்களில் நின்று நின்று கேள்வி கேட்பேன். காரணம் இதுதான்.

விடுதி வாழ்க்கை பற்றிப் போன பதிவில் எழுதிவிட்டதால் அதிகம் சொல்லவில்லை. வார்டன் பிரித்துப் படித்த பிறகே கடிதம் கைக்கு வரும். அண்ணன் அதைத் தெரிந்துகொண்டு, முதல் வரியிலேயே "மதிப்பிற்குரிய வார்டன் அம்மாவுக்கும் வணக்கம்" என்று எழுதிவிடுவார். எல்லாரும் தாவணி. இரட்டை ஜடை கட்டாயம் இல்லை, ஆனால் தலைவிரித்துப் போகக்கூடாது. ஊருக்குள் போக டி.வி.எஸ். பஸ். அது வருகிற நேரத்தை வைத்துக் கடிகாரத்தைத் திருப்பலாம் என்பார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த வருடம் அது. எங்கள் அறையில் நாலு பேரும் பத்மினி மாதிரி ஆடிப் பார்த்து, நாலு பேரும் வார்டனிடம் மாட்டினோம். 1969 பொங்கலன்று நம் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. மூன்று வாரத்தில், பிப்ரவரி 3ல், அறிஞர் அண்ணா மறைந்தார். விடுதி வராந்தாவில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எப்போதும் கண்டிப்பாக இருக்கும் சமையல்கார அம்மா அன்று கரண்டியைப் போட்டுவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தது மறக்கவில்லை.

படிப்புக்கு வருகிறேன். முதல் மாதம் எனக்கும் வாய் அசைவுதான் தெரிந்தது. ஆனால் மூன்று விஷயம் எனக்கு உதவியது. ஒன்று, வரலாறும் லாஜிக்கும் மனப்பாடம் செய்து ஓரளவு ஒப்பேற்றக்கூடிய பாடங்கள். 'ஆல் மென் ஆர் மார்ட்டல், சாக்ரடீஸ் இஸ் எ மேன்' என்று சொல்லிச் சொல்லியே சாக்ரடீஸை எத்தனை முறை கொன்றிருப்போம்! இரண்டு, எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த மிஸ் வாரம் இரண்டு நாள் மாலை நாலு மணிக்கு மேல் தமிழ் வழியில் வந்தவர்களை மட்டும் உட்கார வைத்து, தினமும் ஒரு பத்தி எழுத வைத்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை, காசும் இல்லை. மூன்று, மாதா மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வந்த மணியார்டர். அதன் அடியில் இருக்கிற சின்ன இடத்தில் அண்ணன் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதுவார். இலக்கணம் சரியாகத்தான் இருக்கும். மண்டியில் உட்கார்ந்துகொண்டு அவர் ஆங்கிலத்தை விடவில்லை.

எங்கள் வகுப்பில் அறுபத்து நான்கு பேர் சேர்ந்தோம். தேறியவர்கள் முப்பத்து மூன்று. மற்ற முப்பத்தோரு பேரில் பெரும்பாலோருக்கு அடுத்த ஆவணிக்குள் கல்யாணம் ஆகிவிட்டது. பையன் தோற்றால் மண்டி, பெண் தோற்றால் மணவறை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் தமிழிலேயே கல்லூரிப் பாடம் நடத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றார்கள். 1960ல் சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராக இருந்தபோதே கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ.வைத் தமிழில் தொடங்கினார்கள். தமிழ் வெளியீட்டுக் கழகம் என்று வைத்துப் பாடப்புத்தகங்கள் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள். 1968 ஜனவரியில் சட்டமன்றத்தில் இருமொழித் தீர்மானம் நிறைவேறியபோது, ஐந்து வருடத்துக்குள் எல்லாக் கல்லூரிகளிலும் தமிழ் பயிற்றுமொழி ஆக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஐந்து வருடம் பல தடவை வந்து போய்விட்டது.

நான் பி.ஏ. வரலாறு தமிழ் வழியில்தான் படித்தேன். தமிழ் வெளியீட்டுக் கழகப் புத்தகங்கள் சில அருமையாக இருக்கும், சில வாய்க்குள் நுழையாது. பிரெஞ்சுப் புரட்சி எனக்குத் தமிழில் படித்தபோதுதான் உண்மையாகவே புரிந்தது. ரொட்டிக்காகப் பெண்கள் வெர்சேல்ஸுக்கு நடந்து போனார்கள் என்று படித்தபோது எங்கள் ஊர் ரேஷன் வரிசை கண்முன் வந்தது. ஆனால் தமிழ் வழி என்றால் இரண்டாந்தரம் என்ற பேச்சும் அதே வளாகத்தில் காதில் விழும். வேலை கிடைக்காது என்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்புப் பக்கம் வரவே இல்லை. புரிவதற்குத் தமிழ், பிழைப்பதற்கு ஆங்கிலம் என்று ஒரு பிளவு விழுந்தது. அது இன்னும் மூடவில்லை என்பது என் அபிப்பிராயம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம், ஆனால் மரியாதையோடு.

1964 முதல் 1966 வரை உட்கார்ந்த கோத்தாரிக் குழு பத்து, இரண்டு, மூன்று என்ற கணக்கைச் சொன்னது. 1978ல் நம் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980ல். பி.யூ.சி. முடிந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பள்ளியில் லேபுக்கு அறை இல்லை, சைக்கிள் ஸ்டாண்டுக்குச் சுவர் எழுப்பி லேப் ஆக்கினோம். கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கூடத்தால் இந்தப் பாடத்தை நடத்த முடியாது என்று சொன்னார்கள். நடத்திக் காட்டினோம். பிராணவாயுவில் தொடங்கிய பிள்ளை அதே பள்ளியில், அதே வாத்தியாரிடம், அதே மொழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கலாம் என்று ஆனது. நம் கல்வி வரலாற்றில் இதை யாரும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால், அதற்கு ஒரு விழாவே எடுத்திருக்கலாம்.

அண்ணன் மண்டியில் கணக்குப்பிள்ளையாகவே நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றார். காலையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஒரு ஆங்கிலப் பத்திரிகை, இரண்டையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பார். 1994ல் மூத்த மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க நானும் அவரோடு சிவகாசி போயிருந்தேன். மாப்பிள்ளை பி.இ., பெண் எம்.எஸ்ஸி. சம்பந்தி பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். அச்சகத்துப் பையன் அண்ணன் பெயரை எழுதிவிட்டு, "அய்யா, உங்களுக்குப் பட்டம் ஏதும் போடணுமா?" என்று கேட்டான். அண்ணன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பி.யூ.சி.ன்னு போடுங்க தம்பி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "படிச்சேன்ல" என்றார்.

அந்தப் பத்திரிகை என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, லிஃப்கோ அகராதியும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் யாராவது வந்தால் காட்டுகிறேன். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ பி.யூ.சி. படித்து நடுவில் விட்டவர்களாக இருந்தால் இன்று ராத்திரி உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தக் கல்லூரி, எந்த குரூப், எந்தப் பாடத்தில் போனது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். பழைய ஹால் டிக்கெட், மார்க் ஷீட் கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.